ஐம்பது காசு பதில்: ஒரு கடைமடை ஊரும் எம்.எல்.ஏ. அலுவலகத் தபாலும்

2022 மே கடைசி வாரம். மூன்று நாளில் பதினேழு அஞ்சல் அட்டைகள் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே ஊரிலிருந்து, ஒரே வாசகத்தோடு. வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் தலைப்பு மதகில் பலகை இல்லை, மேட்டூர் திறந்தாகிவிட்டது, தண்ணீர் வருவதற்குள் செய்து தரவேண்டும். கீழே பதினேழு பெயர்கள் இருந்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியது இரண்டு பேர்தான்.

காவிரிப் படுகையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டங்களுக்குமாக 18 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் ஒன்றின் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நான் அப்போது தபால் பார்த்துக்கொண்டிருந்தேன். தொகுதி, உறுப்பினர், கட்சி, ஊர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனம், அதிலும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை என்பது தெரிந்தால் போதும். அந்தப் பதினேழு அட்டைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டு வருடக் கதையாக இங்கே எழுதி வைக்கிறேன். தபால் என்றால் என்ன என்று எனக்கே அந்த அட்டைகளால்தான் விளங்கியது.

அந்த வருடம் மேட்டூர் மே 24 அன்றே திறக்கப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் முன்னால் வருவதில் மேல்மடைக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். கடைமடையில் கணக்கு வேறு. தூர்வாரும் வேலை ஆற்றிலிருந்து தொடங்கி வாய்க்காலுக்கு இறங்கி, கடைசியில்தான் அவர்கள் பக்கம் வரும். தண்ணீர் முந்திவிட்டால் அந்தக் கடைசிப் பகுதி அப்படியே நின்றுவிடும். அந்த அவசரத்தில் எழுதப்பட்ட அட்டைகள் அவை.

எதெல்லாம் வரும், எவ்வளவு போகும்

ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தபால் மூன்று இடங்களுக்கு வரும். தொகுதி அலுவலகம், சேப்பாக்கம் எம்.எல்.ஏ. விடுதி, கோட்டையில் உள்ள சட்டமன்றப் பேரவைச் செயலகம். சென்னைக்கு வருவதை எம்.எல்.ஏ.வின் உதவியாளரான பி.ஏ. அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது பையில் கட்டிக்கொண்டு வருவார். கூட்டத்தொடர் நடக்கும் மாதமென்றால் அந்தப் பை வர மூன்று வாரம்கூட ஆகும். அவசரம் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்ட மனுக்கள் அதற்குள் கிடக்கும். கோட்டைக்கு எழுதினால்தான் மதிப்பு என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உள்ளதிலேயே தாமதமான வழி அதுதான்.

வரும் தபாலில் பாதிக்கு மேல் மனுவே கிடையாது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேகம், சங்கங்களின் ஆண்டு விழா, அதற்கப்புறம் மொட்டைக் கடுதாசி. இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் மனு: முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் சொல்லித் திருப்பி அனுப்பிய நெல், பஸ் வசதி, வாய்க்கால். பதிவேட்டில் வரிசை எண், தேதி, அனுப்புநர், பொருள், யாருக்கு அனுப்பப்பட்டது என்று ஐந்து கட்டம் உண்டு. மனுதாரருக்கு என்ன பதில் போனது என்று ஆறாவதாக ஒரு கட்டம் இல்லை. நான் சேர்ந்தபோது அது எனக்கு உறுத்தவும் இல்லை.

வெளியே போகும் தபாலுக்கு என்ன வசதி? 2017 ஜூலை முதல் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளமும் படிகளுமாக மாதம் 1,05,000 ரூபாய். அதற்குள் தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, தொலைபேசிப் படி 7,500, தபால் படி 2,500. இந்த 2,500 ரூபாயை ஒருநாள் மதியம் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அஞ்சல் அட்டை ஐம்பது காசு. தொகுதியில் சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர்கள். ஆளுக்கு ஒரே ஒரு அட்டை போட 1,25,000 ரூபாய் வேண்டும். மாதத்துக்கு 2,500 என்றால் ஐம்பது மாதம். பதவிக்காலமே அறுபது மாதம்தான்.

அதுவும் கையால் எழுதினால். அச்சடித்த வாசகம் உள்ள அட்டைக்கு அஞ்சல் துறையில் வேறு கட்டணம், ஆறு ரூபாய். அப்படி அச்சடித்து எல்லோருக்கும் அனுப்ப 15 லட்சம் ஆகும். தபால் படியைச் சேர்த்து வைத்து அனுப்புவதென்றால் ஐம்பது வருடம். பி.ஏ. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அதுக்குத்தான் தம்பி போஸ்டர் அடிக்கிறாங்க” என்றார்.

வெளிநாட்டு வழக்கம் வேறு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதிக்கு எழுதும் அலுவல் கடிதத்தில் தபால்தலை ஒட்டுவதில்லை. தலை ஒட்டும் இடத்தில் அவர் கையெழுத்தின் அச்சு இருந்தால் போதும், செலவை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும். அதைத் தேர்தல் பிரசாரமாக்கிவிடக் கூடாது என்று, வாக்குப்பதிவுக்கு முந்தைய 60 நாளில் மொத்தமாக அனுப்பத் தடையும் உண்டு. பிரிட்டனிலும் இந்த இலவசக் கையெழுத்து இருந்தது. உறுப்பினர்கள் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் உறை உறையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அதைக் கெடுத்தார்கள். 1840-இல் ஒரு பென்னி தபால் வந்தபோது சலுகை போய்விட்டது. கனடாவில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மக்கள் எழுதும் கடிதத்துக்கே தலை வேண்டாம். நம் எம்.பி.க்களுக்கு இப்படியொரு கையெழுத்து இல்லை, அலுவலகச் செலவுப் படி உண்டு. 2018-இல் அது மாதம் 60,000 ஆனது. அதில் காகிதத்துக்கும் தபாலுக்கும் 20,000, மீதி உதவியாளருக்கு. எம்.எல்.ஏ.வின் 2,500 அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

நம் ஊர்த் தலைவர்கள் மக்களுக்குக் கடிதமே எழுதாதவர்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அண்ணா தம்பிக்கு எழுதினார், கலைஞர் உடன்பிறப்புக்கு எழுதினார். அதே திருவாரூரில் 1942-இல் துண்டறிக்கையாகத் தொடங்கிய முரசொலிதான் பின்னாளில் அந்த உடன்பிறப்புக் கடிதங்களைச் சுமந்தது. ஆனால் அவை பத்திரிகையில் ஏறிப் போன கடிதங்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதியவை. கீழத்தெரு முருகையனின் பட்டா பற்றி அதில் வராது.

அட்டை போன பாதை

பதினேழு அட்டைகளையும் முதலில் நாங்கள் நம்பவில்லை. இரண்டே கையெழுத்து என்றதும் ஊருக்குள் ஏதோ போட்டி என்று நினைத்தோம். ஆனாலும் வழக்கப்படி ஒரு கடிதம் தயாரித்தேன். பெறுநர், உதவிப் பொறியாளர், நீர்வளத் துறை. பொருள், வாய்க்கால் தூர்வாருதல் மற்றும் மதகு சீரமைத்தல், தொடர்பாக. கடைசி வரி எல்லாக் கடிதத்துக்கும் ஒன்றுதான்: ‘விதிகளுக்குட்பட்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இந்த ‘ஆவன செய்ய’ என்பதற்கு அலுவலகங்களில் ஒரு தராசு இருக்கிறது. மனுவின் ஓரத்தில் எம்.எல்.ஏ. ‘பரிசீலிக்கவும்’ என்று எழுதினால் எடை குறைவு. ‘ஆவன செய்யவும்’ நடுத்தரம். ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டு, பி.ஏ. ஒரு போனும் செய்தால் கனம். எந்த எழுத்தருக்கும் இது தெரியும். மனு கொடுத்தவருக்குத்தான் தெரியாது.

இரண்டு வாரத்தில் பொறியாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ந.க.எண், தேதி, நான்கு வரி. அந்த வாய்க்கால் ‘சி’ வகை, தம் துறைப் பராமரிப்பில் இல்லை, ஊராட்சி ஒன்றியத்தை அணுகலாம். படுகையில் வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று பிரித்திருப்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்கள் ஏ, பி. அவை பழைய பொதுப்பணித் துறைக்கு, அதாவது 2021-இல் தனியாகப் பிரிந்த நீர்வளத் துறைக்கு. வயலுக்குள் நுழையும் சின்ன வாய்க்கால்கள் சி, டி. அவற்றை ஒருகாலத்தில் ஊரே குடிமராமத்தாக வெட்டிக்கொண்டது. இப்போது ஒன்றியம், வேளாண் பொறியியல் துறை, நூறு நாள் வேலை என்று யார் தலையிலாவது ஏற்றுவார்கள். இந்த ஊரின் தலைப்பு மதகு பி வாய்க்கால் கரையில், வாய்க்கால் சி. ஆக மதகு ஒரு ஆபீஸ், வாய்க்கால் இன்னொரு ஆபீஸ்.

நான் அந்தப் பதிலைக் கோப்பில் வைத்தேன். ஒன்றியத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் பெயரில் இன்னொரு கடிதம் போனது. பதிவேட்டின் ஐந்தாவது கட்டத்தில் ‘பி.டி.ஓ.’ என்று எழுதியதோடு என் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஜூன் நடுவில் ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பெஞ்சில் உட்காரவில்லை.

“கார்டு போட்டிருந்தோம் தம்பி, பதினேழு. வந்துச்சுங்களா?”

“வந்துச்சு அய்யா. ஆபீசருக்கு எழுதியாச்சு.”

“எழுதியாச்சா? எங்களுக்கு ஒண்ணும் வரலியே. எம்.எல்.ஏ. பாக்கவே இல்லன்னுல்ல ஊர்ல பேசிக்கிட்டு இருக்கோம்.”

கோப்பை எடுத்துக் காட்டினேன். நாங்கள் எழுதிய கடிதத்தைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ‘சி வகை’ என்று பொறியாளர் எழுதியிருந்த பதிலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். “இதுல ஒரு ஜெராக்ஸ் குடுங்க தம்பி, காசு தாரேன்” என்றார். பக்கத்துக் கடையில் இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ.வைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

பிறகு தெரிந்தது இது. அந்த நகலோடு அவர் நேராகப் பொறியாளர் அலுவலகம் போயிருக்கிறார். வாய்க்கால் உங்களுடையது இல்லை, சரி. மதகு யாருடையது என்று கேட்டிருக்கிறார். அதற்கு அங்கே பதில் இல்லை. அடுத்த வாரமே மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் துறை ஊழியரான லஸ்கர் வந்து மதகை அளந்துகொண்டு போனார். ஜூலைக்குள் பலகை போட்டுவிட்டார்கள். நாங்கள் எழுதிய இரண்டு கடிதத்தில் ஒன்றில்கூட மதகையும் வாய்க்காலையும் பிரித்துக் கேட்கவில்லை. எங்களுக்கு வந்த பதிலை அவரிடம் காட்டியதுதான் நாங்கள் செய்த ஒரே உதவி. அதையும் அவர் பஸ் ஏறி வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறாவது கட்டம்

அதற்குப் பிறகு பதிவேட்டில் ஸ்கேல் வைத்து ஆறாவது கட்டம் ஒன்று கோடிழுத்தேன். யாருடைய மனு எந்த அலுவலகத்துக்குப் போனதோ, அங்கிருந்து என்ன வந்ததோ, அதை மனுதாரருக்கு ஒரு அட்டையில் எழுதிவிடுவது. கையால் எழுதினால் ஐம்பது காசு. பி.ஏ. அண்ணன் சிரித்தார், தடுக்கவில்லை. எம்.எல்.ஏ. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ‘முயற்சி செய்கிறோம்’ என்று எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்று கேட்கவில்லை. வாக்குறுதி எழுத்தில் இருந்தால் பிறகு எதிர்க்கட்சி மேடையில் வந்து நிற்கும் என்பதாகவும் இருக்கலாம். எப்படியோ, வந்த விதி நல்ல விதி.

முதல் இரண்டு மாதம் நிறையத் தவறினேன். படுகையில் ஒரே பெயரில் வடபாதி ஒன்று, தென்பாதி ஒன்று இருக்கும். அனுப்புநர் ஊர்ப் பெயரோடு நிறுத்தியிருப்பார், பின்கோடும் இருக்காது. வடபாதிக்குப் போகவேண்டிய அட்டை தென்பாதிக்குப் போய், அங்கே அதே பெயரில் இருந்த ஒருவர் தனக்கு முதியோர் பணம் வரப்போகிறது என்று நினைத்து வந்து நின்றார். கிளை அஞ்சலக ஊழியரிடம் கேட்டு ஊர்ப் பட்டியலில் பின்கோடு குறித்துக்கொண்ட பிறகு அது குறைந்தது.

இன்னொரு தவற்றை நினைத்தால் இப்போதும் முகம் சுருங்குகிறது. கணவரால் கைவிடப்பட்டோர் உதவித்தொகைக்கு ஒரு பெண் மனு கொடுத்திருந்தார். விசாரணையில் என்ன காரணம் சொல்லி நிறுத்தி வைத்தார்கள் என்பதை அப்படியே அஞ்சல் அட்டையில் எழுதிவிட்டேன். அட்டைக்கு மூடி ஏது? தபால்காரர், டீக்கடை, எதிர்வீடு என்று படித்துக்கொண்டே போய்தான் அவர் கைக்குச் சேர்ந்திருக்கிறது. அவருடைய அண்ணன் போனில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பணம், குடும்பம், நோய் சம்பந்தப்பட்ட எதுவும் இன்லேண்டு கடிதத்தில்தான் போனது. அது இரண்டரை ரூபாய். வாய்க்கால், சாலை, பஸ், விளக்கு இவை மட்டும் அட்டையில். ஊருக்குப் பொதுவானதை ஊரே படிப்பதில் லாபமும் இருந்தது. ஒரு அட்டை போட்டால் நாற்பது வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் செலவே இல்லையே என்று பலர் கேட்டார்கள். அதுவும் நடந்தது. கிளைக்குக் கிளை குழு இருந்தது. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, பூமி பூஜைப் படம். அதற்கு நடுவே ஒருவர் வாய்க்கால் போட்டோ போடுவார், பத்து நிமிடத்தில் அது மேலே ஏறிக் காணாமல் போகும். அங்கே வரிசை எண் கிடையாது. ‘அன்றைக்கே அனுப்பினேனே’ என்பார்கள், தேடினால் கிடைக்காது. குழுவில் சேர்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் கட்சிக்காரர்கள். அட்டை எழுதுகிறவரும் குழுவில் இருப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பது போகப்போகப் புரிந்தது. கடைமடைப் பெரியவரிடம் இருந்தது பட்டன் போன்.

பத்துக்குள் வராத வாய்க்கால்

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாளாகத் தீராமல் இருக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். வழக்கமாக எம்.எல்.ஏ. மேலே எழுதுவார், இங்கே மேலிருந்து எம்.எல்.ஏ.வுக்குக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் அந்த வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பாலம் கேட்டு வந்தவர்கள், கல்லூரி கேட்டு வந்தவர்கள், பஸ் நிலையம், தடுப்பணை. பதிவேட்டைப் புரட்டிப் பட்டியல் எடுத்தபோது கடைமடை வாய்க்காலையும் எழுதி வைத்தேன். முதல் வடிகட்டலிலேயே போய்விட்டது. பத்தே இடம் என்னும்போது ஒரு ஊரின் சி வாய்க்கால் நிற்க முடியாது. அதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அதையும் எழுத வேண்டுமா என்று பி.ஏ. அண்ணன் தயங்கினார். ‘உங்கள் கோரிக்கை பட்டியலில் இடம்பெறவில்லை’ என்று எந்த அரசியல்வாதியாவது எழுதிப் பார்த்திருக்கிறாயா என்றார். எம்.எல்.ஏ. பயணத்தில் இருந்தார். நானே எழுதினேன்: மதகு சரிசெய்யப்பட்டது. வாய்க்கால் பத்துக் கோரிக்கைகளில் சேர்க்கப்படவில்லை, பெரிய பணிகளுக்கே அதில் இடம். ஒன்றியத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் எண் இது, தேதி இது.

ஊரில் கோபம்தான். அட்டையைக் கோயில் வாசலில் வைத்துப் படித்தார்களாம். “பத்துல ஒண்ணா ஆவறதுக்குக்கூட நாங்க லாயக்கு இல்லையா” என்று ஒருவர் போனில் சத்தம் போட்டார். ஆனால் கடைசி வரியில் இருந்த எண்ணை யாரோ குறித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் அந்த எண்ணைச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்த மனுவிலும் ‘பார்வை’ என்ற இடத்தில் அதே எண். மேலே எம்.எல்.ஏ. கடிதம், கீழே சபைத் தீர்மானம் என்று சேர்ந்து வந்த காகிதத்தை ஒன்றியத்தில் ஓரமாக வைக்க முடியவில்லை போலிருக்கிறது. 2023 கோடையில் வாய்க்காலை வெட்டினார்கள். பாதியளவு. சாலைப் பாலம் வரைக்கும்.

அந்த வருடம் மேட்டூர் ஜூன் 12 அன்று வழக்கப்படி திறந்தது. ஆனால் கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வராமல் குறுவை பல இடங்களில் காய்ந்தது. அக்டோபர் 10-இல் அணையை மூடினார்கள். வெட்டின வாய்க்காலில் ஓட நீர் இல்லை. அது பற்றி அந்த ஊரிலிருந்து ஒரு அட்டைகூட வரவில்லை. அதற்கு யாருக்கு எழுதுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது எங்கள் முகவரி இல்லை.

பூட்டிய கதவு

2024 மார்ச் 16-இல் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். நடத்தை விதிமுறை அமலுக்கு வந்ததும் வருவாய்த் துறையினர் வந்து எம்.எல்.ஏ. அலுவலகத்தைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். பதிவேடு உள்ளே, நான் வெளியே. அமெரிக்காவில் அறுபது நாள் உறுப்பினர் எழுதத் தடை என்றேன் அல்லவா, இங்கே மக்கள் எழுதுவதை எடுத்துப் பார்க்கவே ஆள் இல்லாமல் எண்பது நாள் போகிறது. தபால்காரருக்கு வேறு வழி இல்லை, கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். மழை வந்தால் நனையும்.

ஜூன் முதல் வாரத்தில் விதிமுறை விலகிப் பூட்டைத் திறந்தபோது உள்ளே தரையில் ஒரு குவியல். பெரும்பாலும் முடிந்துபோன கல்யாணங்கள். அவற்றைத் தள்ளிவிட்டு மனுக்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். நடுவில் ஒரு அஞ்சல் அட்டை, ஏப்ரல் முத்திரை. ஒரே கையெழுத்து, ஒரே பெயர், இந்தமுறை பின்கோடோடு. அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினேன்:

‘போன வருஷம் வாய்க்கால் பாலம் வரைக்கும் வெட்டினார்கள். தண்ணீர் வரவில்லை. இந்த வருஷம் வருமா என்று தெரியாது. பாலத்துக்குக் கீழேயும் வெட்டி வைத்தால் வரும்போது வரட்டும். ஆவன செய்யவும். நகல்: பி.டி.ஓ., தகவலுக்காக.’